நீதிபதியின் மேடையில் ஊமையக்கா

டிப்போவில் அவளை எல்லோரும் ஊமையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பேச்சு வராதவள் அல்ல. "ம்", "சரி", "நூல் தீர்ந்துபோச்சு" என்ற மூன்றை வைத்துக்கொண்டே ஒரு முழு நாளை ஓட்டிவிடுகிறவள். பஸ் சீட்டுகளுக்கு ரெக்சின் உறை தைப்பது அவள் வேலை. நீல யூனிஃபார்ம், நெஞ்சில் வெள்ளை நூலால் தைத்த 27 என்ற எண், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் குட்டிக் கத்தரி, தலையில் இறுக்கிக் கட்டிய துணி. அந்தத் துணிக்கு அடியில்தான் விஷயம் இருந்தது. இரண்டு காதிலும் இயர்போன்.

அதில் என்ன கேட்கிறாள் என்று பல வருடங்களாக யாருக்கும் தெரியாது. ஏதோ சாமி பாட்டு என்று விட்டுவிட்டார்கள். ஒரு நாள் ஒயர் பிடுங்கிக்கொண்டு பாட்டு வெளியே கொட்டியபோது, பஸ்ஸுக்கு அடியில் படுத்திருந்த மெக்கானிக் தலையை நீட்டி, "எந்த வண்டிடா இஞ்சின் உடைஞ்சுது?" என்று கேட்டான்.

அப்படிப்பட்ட பாட்டு. இடி மாதிரி டிரம், தகரத்தை அறுப்பது மாதிரி கிட்டார், அதற்கு மேல் தொண்டை கிழியக் கத்தும் ஒருவன். முதல் முதலாக அதைக் கேட்டபோது அவளுக்குப் பதினாறு வயது. ஒரு சட்டைக் கம்பெனியில் வேலை. வேறு யாரோ கோணலாகத் தைத்த காலருக்காக அவளைக் கூப்பிட்டு வைத்துத் திட்டினார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை. பொருட்கள் அடுக்கும் அறைக்குள் போய்ச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். சுவருக்கு அந்தப் பக்கம் டயர் கடை. அங்கிருந்து அந்தப் பாட்டு சுவர் வழியாக அதிர்ந்து வந்தது. தன் தொண்டையில் நின்றுபோனதை வேறொருவன் எடுத்துக் கத்துகிறான் என்று அவளுக்குத் தோன்றியது. பாட்டின் பெயர் ‘கடைசி மணி’ என்று தெரிந்துகொள்ளவே ஒரு வருடம் ஆனது. அன்றிலிருந்து இருபத்திரண்டு வருடம். வேறு பாட்டு அவள் காதில் ஏறவில்லை.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அவள் விஷயத்தில் பழிக்கு விலாசம் தேடும் வேலையே இல்லை. வீட்டில் பாத்திரம் உடைந்தாலும் சரி, தையல் கூடத்தில் ஊசி ஒடிந்தாலும் சரி, பேசாதவள் தலையில் வைத்துவிட்டால் வேலை முடிந்தது. அவள் மென்று முழுங்கிக்கொண்டு மிஷினை மிதிப்பாள். காதில் அவன் கத்துவான். கணக்கு சரியாகிவிடும்.

அந்தக் குழு மேடையேறினால் பாட்டுக் கச்சேரி மாதிரி இருக்காது. மேடையே ஒரு நீதிமன்றம். பாடகன் வெள்ளை முடி வைத்து, தரையைத் தொடும் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு நீதிபதியாக வருவான். ரசிகர்களுக்கும் அவன் நீதிபதிதான். சொந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் புரியாது. நிகழ்ச்சி முடியப் போகும் நேரத்தில் உயரத் தொப்பி வைத்த ஒருவன் கையில் விளக்கோடு கூட்டத்துக்குள் இறங்கி, யாராவது ஒருவரைப் பிடித்து மேடைக்குக் கொண்டுபோவான். அவர்தான் அன்றைய குற்றவாளி. நீதிபதி மூன்று முறை கேட்பான்: "செய்தாயா?" குற்றவாளி மூன்று முறை சொல்ல வேண்டும்: "செய்தேன்." மூன்றாவது ‘செய்தேன்’ வாயிலிருந்து வந்ததும், மேலே தொங்கும் வண்டி அளவு மணி ‘டணார்’ என்று விழும். புகை எழும். காலடியில் பலகை இறங்கிக் குற்றவாளி மறைந்துபோவார். உடனே ‘கடைசி மணி’ ஆரம்பிக்கும்.

குற்றவாளி ஆவது ரசிகர்களுக்குப் பெரிய பாக்கியம். எத்தனையோ ஊர் மேடைகளின் வீடியோவை அவள் பார்த்திருக்கிறாள். அழுதுகொண்டு சொன்னவர்கள் உண்டு, சிரித்துக்கொண்டு சொன்னவர்கள் உண்டு. சொல்லாதவர் யாரும் இல்லை. வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று அவளும் சொல்லிப் பார்த்திருக்கிறாள். "செய்தேன்." தாடையைக் கொஞ்சம் தூக்கி. "செய்தேன்." இதைத் தங்கை அறிந்தால் ஏழு ஜென்மத்துக்கும் கிண்டல் ஓயாது.

அந்தக் குழு முதல் தடவையாக அவள் ஊருக்கு வந்தது. டிக்கெட் வாங்கி ஏழு மாதம் காத்திருந்தாள். தானே ஒரு கறுப்பு உடை தைத்தாள். உள்ளே சிவப்பு லைனிங். நடக்கும்போது மட்டும் ஓரத்தில் சிவப்பு தெரியும். அதைத் தேய்த்துக் கதவுக்குப் பின்னால் மாட்டிவிட்டுத்தான் அன்று காலை வேலைக்குப் போனாள். நான்கு மணிக்கு வந்து மாற்றிக்கொண்டு தங்கையோடு கிளம்புவதாகத் திட்டம்.

மூன்றரைக்குச் சூப்பர்வைசர் கூப்பிட்டனுப்பினார்.

விஷயம் அவளுக்குத் தெரியும். இரண்டு மாதத்துக்கு முன்னால் உறை மாற்றிய ஆறு பஸ்ஸிலும் சீட்டுகள் பிளந்துவிட்டன. உட்கார்ந்தவர்களின் துணி கிழிந்து, யாரோ படம் எடுத்துப் போட்டு, மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருந்தது: இதற்கு யார் பொறுப்பு?

ரெக்சினுக்கு ஒரு குணம் உண்டு. ஒரு பக்கம் இழுத்தால் கொஞ்சம் நீண்டு கொடுக்கும், மறுபக்கம் இழுத்தால் கல் மாதிரி நிற்கும். நீண்டு கொடுக்கும் பக்கம் ஆள் உட்காரும் அகலத்துக்கு வர வேண்டும். மாற்றி வெட்டினால், ஆள் உட்கார உட்காரத் தையல் ஓரம் தெறித்துவிடும். இதைப் பார்த்து வெட்டுவது கட்டரின் வேலை. கட்டர், சூப்பர்வைசரின் மனைவிக்குத் தம்பி. அதனால் ஒர்க்‌ஷாப்புக்கே மச்சான். முதல் உறை கைக்கு வந்தபோதே அவள் இழுத்துப் பார்த்துவிட்டு, "மச்சான், இது குறுக்க வெட்டியிருக்கு" என்றாள். அவளைப் பொறுத்தவரை அது ஒரு சொற்பொழிவு.

"ஊமையக்கா, தைக்கிறவங்க தைங்க, வெட்டுறவன் வெட்டட்டும்" என்றான் மச்சான்.

அவள் தைத்தாள்.

இப்போது சூப்பர்வைசர் மேசையில் ஒரு காகிதம் இருந்தது. டைப் அடித்தது. ‘27ஆம் எண் ஊழியராகிய நான், எனது கவனக்குறைவால் உறைகளைத் தவறாக வெட்டித் தைத்ததை ஒப்புக்கொள்கிறேன்.’ கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

"ஒரு கையெழுத்துதாம்மா" என்றார் அவர். குரலில் தேன் ஒழுகியது. "உனக்கு ஒண்ணும் ஆகாது. ஒரு எச்சரிக்கை எழுதுவாங்க, ஃபைல்ல கிடக்கும். பையனுக்கு இப்பதான் பெர்மனெண்ட் ஆகப் போகுது. நீ நல்ல பொண்ணு, உனக்கு நான் சொல்லணுமா?"

அவள் காகிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எழுத்துகள் எறும்பு மாதிரி ஊர்ந்தன.

"போடலன்னா தையல்ல உன்ன வச்சிக்க முடியாது. மிஷின் சாவிய குடுத்துட்டு பஸ் கழுவுற பக்கம் போயிடணும். என் கையில இல்ல பாரு அது." கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு மணிக்கு எங்கயோ போகணும்னு பெர்மிஷன் கேட்டிருந்தல்ல?"

வெட்டியது யார், உண்மையில் நடந்தது என்ன என்று ஒரு வார்த்தை அவர் கேட்கவில்லை. கேள்வியே இல்லாமல் பதிலை டைப் அடித்து வைத்திருந்தார். அவளுடைய காது மடல் இரண்டும் கொதித்தன. ஆனால் பேனாவைத் தொடவும் இல்லை, பேசவும் இல்லை. மரம் மாதிரி நின்றாள்.

ஐந்தரை மணி வரை அவளை அப்படியே நிற்க வைத்தார். இடையில் டீ குடித்தார். இரண்டு போன் பேசினார். கடைசியில் அலுத்துப்போய், "சரி, எடுத்துட்டுப் போ. நாளைக்கு எட்டு மணிக்குக் கையெழுத்தோட வா. இல்லன்னா சாவியோட வா" என்றார்.

கறுப்பு உடை கதவுக்குப் பின்னாலேயே தொங்கியது. வீட்டுக்குப் போக நேரமில்லை. யூனிஃபார்மோடு அரங்க வாசலுக்கு ஓடினாள்.

தங்கை அங்கே நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அக்காவுக்கும் சேர்த்துப் பேசப் பிறந்தவள் அவள். செல்போன் கடையில் பேசிப் பேசியே சம்பாதிக்கிறாள். பாட்டு அவளுக்குப் பிடிக்காது. அக்கா தனியாகப் போனால் யாரிடமும் வழிகூடக் கேட்க மாட்டாள் என்று துணைக்கு வந்தவள்.

"என்னக்கா இது? கச்சேரிக்கு வந்தியா, சீட்டு ரிப்பேர் பண்ண வந்தியா?"

அவள் காகிதத்தை நீட்டினாள். தங்கை படித்தாள்.

"இவன் எல்லாம் மனுஷனா?" என்றாள். அடுத்த மூச்சிலேயே, "இருந்தாலும் போட்டுடுக்கா. பஸ் கழுவுற தண்ணில நிக்கிற உடம்பா உன்னது? எச்சரிக்கைதானே. நீயும் தெரிஞ்சேதானே தைச்ச?"

அந்தக் கடைசி வாக்கியம் சுருக்கென்று ஏறியது. உண்மை என்பதால் இன்னும் ஆழமாக ஏறியது.

வாசலில் சோதனை. பெண் காவலாளி கழுத்துக் கத்தரியைப் பிடித்து இழுத்தாள். "இது உள்ள போகாது."

"தையல் கத்தரிங்க" என்றாள் தங்கை.

"நான் என்ன சமையல் கத்தரின்னா சொன்னேன்? டோக்கன் வாங்கிக்குங்க, போறப்ப வாங்கிக்கலாம்." பாக்கெட்டைத் தடவினாள். காகிதம் வந்தது. ஏதாவது போலி டிக்கெட்டாக இருக்கும் என்று விரித்து, உதடு அசைத்துப் படித்தாள். சிரித்தாள். "ஐயோ அக்கா, நீங்களா பஸ் சீட்ட கிழிச்சது? நான் போன மாசம் ஒரு நல்ல துணிய அதுல கிழிச்சுக்கிட்டேன்."

அவள் காகிதத்தைப் பிடுங்கி மடித்து வைத்துக்கொண்டாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தன. ‘நான் இல்ல’ என்று சொல்ல மூன்று நொடி போதும். அந்த மூன்று நொடிக்குள் பின்னால் இருந்தவர்கள் அவளைத் தள்ளி உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.

உள்ளே பதினைந்தாயிரம் பேர். முன்பக்கம் நின்று பார்க்கும் இடத்தில் இவர்கள் இருவருக்கும் இடம். சுற்றிலும் வெள்ளை முடி வைத்தவர்கள், அட்டையில் செய்த சுத்தியல் பிடித்தவர்கள், கையில் பொய் விலங்கு மாட்டியவர்கள். தங்கை இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டாள். "பைத்தியக்கார ஆஸ்பத்திரி சுற்றுலா வந்த மாதிரி இருக்கு" என்றாள், கத்தி.

விளக்கு அணைந்தது. திரை விலகியது. நீதிபதி உயரத்திலிருந்து நாற்காலியோடு இறங்கி வந்தான். முதல் டிரம் அடி அவள் விலா எலும்பில் விழுந்தது.

இருபத்திரண்டு வருடம் இதற்குத்தான் காத்திருந்தாள். அழுகை வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. மேடையில் நெருப்பு சீறியது. அவளுக்குச் சூப்பர்வைசர் டீ கிளாஸை உறிஞ்சிய சத்தம் கேட்டது. ஆளுயரத் தராசு ஒன்று சுழன்று இறங்கியது. அவளுக்கு ‘எனது கவனக்குறைவால்’ என்ற வரி ஓடியது. கூட்டம் குதித்தது, அவள் பாக்கெட்டில் கையை விட்டுக் காகிதத்தை இறுக்கிக்கொண்டு நின்றாள். நாளைக்குக் கையெழுத்துப் போடத்தான் போகிறோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அதுதான் அதிகம் எரிந்தது. மிஷினை விட அவளால் முடியாது. அந்த மனுஷனுக்கு அதுவும் தெரியும். இந்த ஒரு ராத்திரியைக்கூட அவளுக்கு முழுதாக விட்டுவைக்கவில்லையே அந்த ஆள்.

பதினோராவது பாட்டு முடிந்தது. உயரத் தொப்பிக்காரன் விளக்கோடு கூட்டத்துக்குள் இறங்கினான்.

பதினைந்தாயிரம் பேரின் கை மேலே போனது. "என்னை, என்னை" என்று அரங்கமே கெஞ்சியது. அவளுடைய கை மட்டும் பாக்கெட்டில் இருந்தது. தொப்பிக்காரன் விளக்கைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டே வந்தான். அவள் முன்னால் நின்றான். நீல யூனிஃபார்ம். நெஞ்சில் எண். இறுகிய முகம். தூக்காத கை. எத்தனையோ ஊர் சுற்றியவன். இவ்வளவு தத்ரூபமாகக் கைதி வேடம் போட்டு வந்த ரசிகையை அவன் பார்த்திருக்க மாட்டான்.

"இருபத்தேழு!" என்று கூவி அவள் தோளில் கை வைத்தான்.

"ஐயோ, அது டிப்போ நம்பருங்க" என்றாள் தங்கை. யார் காதிலும் விழவில்லை.

மேடை ஏறிய பிறகுதான் வெளிச்சம் எவ்வளவு சூடு என்று தெரிந்தது. எதிரே கூட்டம் தெரியவில்லை. பெரிய இருட்டு ஒன்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. தொப்பிக்காரன் அவளை ஒரு சதுரப் பலகை மேல் நிறுத்தி, வாய்க்கு முன்னால் மைக்கை வைத்தான். நீதிபதி நெருங்கி வந்தான். தையல்காரியின் கண் முதலில் அங்கியில்தான் போனது. தோள்பட்டைத் தையல் விட்டிருந்தது, இரண்டு ஊக்கு குத்தி ஒப்பேற்றியிருந்தார்கள். வெள்ளை முடிக்கு அடியில் பசை உருகி நெற்றியில் வழிந்தது. பக்கத்தில் பார்க்க வயதானவனாக இருந்தான்.

டிரம் ஒரே தாளத்தில் மெதுவாக அடித்தது. நீதிபதி கையை நீட்டினான்.

"செய்தாயா?"

அவளுக்குச் சொல்ல வேண்டியது தெரியும். கண்ணாடி முன்னால் நூறு தடவை சொல்லியிருக்கிறாள். தாடையைத் தூக்கினாள். வாயைத் திறந்தாள். அப்போதுதான் ஒன்று உறைத்தது. இன்று முழுக்க இதை யாரும் அவளிடம் கேட்கவில்லை. இன்று என்ன, காலர் கோணலான அந்த நாளிலிருந்தே யாரும் கேட்டதில்லை. முகத்துக்கு நேராக நின்று, செய்தாயா என்று கேட்கும் முதல் ஆள் இவன்தான்.

"இல்ல" என்றாள்.

அந்த ஒரு சொல் கூரையில் மோதித் திரும்பி வந்தது. கூட்டம் சிரித்தது. புதிதாக ஏதோ சேர்த்திருக்கிறார்கள் என்று நினைத்துக் கைதட்டினார்கள். டிரம்காரன் ஒரு அடி தவறவிட்டான்.

நீதிபதியின் கண் சுருங்கியது. ஆனாலும் பழகிய ஆள். சுற்றி ஒரு நடை நடந்து வந்து, இன்னும் கனமாகக் கேட்டான். "செய்தாயா?"

"நான் செய்யலங்க."

இந்தத் தடவை சிரிப்பு குறைந்தது. எங்கோ ஒருவன் சீட்டி அடித்தான். நீதிபதி தன் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு அவள் காதுக்குக் குனிந்தான். தொண்டை மாத்திரை வாசனை அடித்தது. இருபத்திரண்டு வருடமாக அவள் காதுக்குள் கத்தியவனின் நிஜக் குரல் கரகரவென்று ஒரு கிளார்க்கின் குரல் மாதிரி இருந்தது.

"அம்மா, சொல்லிடும்மா. நீ சொன்னாதான் மணிய விடுவாங்க. சும்மா ஒரு வார்த்தைதானே."

சும்மா ஒரு வார்த்தைதானே. ஒரு கையெழுத்துதானே.

அவளுக்குள் என்னவோ நூல் அறுந்தது. "சும்மா ஏன் சொல்லணும்?" என்றாள். அவள் மைக்கை யாரும் பொத்தவில்லை. "வெட்டினது நான் இல்ல. தைச்சது நான். குறுக்க வெட்டியிருக்குன்னு நான் அன்னைக்கே சொன்னேன். தைக்கிற வேலைய பாருன்னாங்க. தைச்சேன், அது என் தப்பு. வெட்டினது மச்சான். ஆறு பஸ்ஸும் மச்சான் வெட்டினது. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

பதினைந்தாயிரம் பேர் பஸ் சீட்டைப் பற்றிய ஒரு வழக்கைக் கேட்டு விழித்தார்கள். பிறகு ஊளை கிளம்பியது.

"இறங்கு!"

"எங்க பாட்ட கெடுக்காதம்மா!"

"செய்தேன்னு சொல்லு!"

அவளைப் போலவே மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள். அவள் பாட்டையே தங்கள் பாட்டாக வைத்திருந்தவர்கள். தன் சொந்தக்காரர்கள் என்று அவள் நினைத்திருந்தது இவர்களை மட்டும்தான். ஓர் ஓரத்திலிருந்து தங்கையின் குரல், பஞ்சு அடைத்த காதோடு, எல்லோருக்கும் மேலே கேட்டது. "எவன்டா அவன் எங்கக்காவ இறங்குன்னு சொல்றது? நீ ஏறிப் பாருடா!"

நீதிபதி கூட்டத்தின் பக்கம் திரும்பினான். நிகழ்ச்சியைக் காப்பாற்ற வேண்டும். இரண்டு கையையும் விரித்து, மூன்றாவது கேள்வியை அவளிடம் கேட்காமல் அவர்களிடம் கேட்டான்.

"இவள் செய்தாளா?"

"செய்தாள்!"

பதினைந்தாயிரம் தொண்டை. அட்டைச் சுத்தியல்கள் எழுந்து எழுந்து இறங்கின. "செய்தாள்! செய்தாள்!" அவள் மைக்கில் "இல்ல, இல்ல" என்று கத்தினாள். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தொண்டை கிழியக் கத்தினாள். அவளுக்கே கேட்கவில்லை. மணி விழுந்தது. புகை மூடியது. பலகை இறங்கியது.

மேடைக்கு அடியில் இரும்புக் கம்பிகளும் ஒயர்களுமாக ஒரு காடு. காதில் பெரிய ஹெட்போன் மாட்டிய ஒருவன் அவள் கையைப் பிடித்துப் பலகையிலிருந்து இறக்கினான்.

"யம்மா தாயே, பதிமூணு வருஷமா இந்தப் பலகைய இறக்குறேன். கேஸ் நடத்தின முதல் ஆள் நீதான்" என்றான்.

தலைக்கு மேலே ‘கடைசி மணி’ தொடங்கியது. பலகைகளின் இடுக்கிலிருந்து தூசி அவள் தலைத்துணியில் கொட்டியது. முதல் தடவை கேட்டது மாதிரியே, தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டாள். நல்ல பாட்டு. அது நல்ல பாட்டாக இருந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஒரு வரி முடிவதற்குள் வெளியேறும் வழி எது என்று அந்த ஆளிடம் வாய் திறந்து கேட்டுக்கொண்டு நடந்துவிட்டாள்.

வாசலில் டோக்கனைக் கொடுத்துக் கத்தரியை வாங்கினாள். தங்கை ஓடி வந்தாள். ஒரு காதில் பஞ்சு இல்லை, சட்டைக் கையில் ஒரு கிழிசல்.

"யார் கிழிச்சது?" என்றாள் அவள்.

"வெள்ளை முடி வச்ச ஒருத்தன். அவன் முடி என்கிட்ட இருக்கு." தங்கை பையைத் திறந்து காட்டினாள். இருந்தது. பஸ் நிறுத்தம் வரை இருவரும் நடந்தார்கள். பிறகு தங்கை சொன்னாள். "இத்தன வருஷம் காத்திருந்து, ஒரு வார்த்தைல கெடுத்துக்கிட்டியே அக்கா. ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க."

"கேட்டாங்க, சொன்னேன்."

"அது நாடகம்க்கா."

"கேட்டாங்கல்ல."

காலை ஏழு மணிக்கே அவள் டிப்போவில் இருந்தாள். ஒர்க்‌ஷாப்பின் பின்பக்கம் பிளந்த சீட்டுகள் குவிந்து கிடந்தன. ஒன்றை இழுத்துப் போட்டுக் கழுத்துக் கத்தரியால் தையலைப் பிரித்தாள். தான் போட்ட தையல் என்பதால் எங்கே தொட்டால் அவிழும் என்று கைக்குத் தெரியும். உறையைப் புரட்டினாள். உட்புறத்தில் சாக்பீஸ் எண்கள். வெட்டியவன் தன் துண்டுகளுக்குத் தானே எண் போட வேண்டும் என்பது ஒர்க்‌ஷாப் வழக்கம். மச்சான் ஏழு போட்டால் அதன் இடுப்பில் ஒரு கோடு இழுப்பான். அந்தக் கோடு அப்படியே இருந்தது.

எட்டு மணிக்குச் சூப்பர்வைசர் வந்தபோது அவர் மேசையில் மூன்று பொருட்கள் இருந்தன. புரட்டி விரித்த ரெக்சின். கையெழுத்துக் கோடு காலியாக இருந்த காகிதம். மிஷின் சாவி. அவள் மேசைக்கு இந்தப் பக்கம் நின்றாள்.

அவர் முகம் முன்பே கறுத்திருந்தது. வரும் வழியில் மூன்று டிரைவர்கள் தங்கள் போனில் நேற்றைய மேடை வீடியோவைக் காட்டியிருந்தார்கள். இரண்டு பேர் காட்டாமல், "என்ன சார், மச்சான் சௌக்கியமா?" என்று மட்டும் கேட்டிருந்தார்கள். கதவருகே மெக்கானிக்கும், கழுவுகிற பக்கத்து ஆட்கள் நான்கு பேரும், ஏதோ வேலை இருப்பதுபோல நின்றார்கள். மச்சான் மட்டும் அன்று லீவு.

"ஊர் சிரிக்க வச்சிட்டியே" என்றார் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு. "இவ்வளவு நாள் இந்த வாய எங்க வச்சிருந்த? ஏதாவது இருந்தா என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க கேக்கல."

"என்ன கேக்கல?"

"நான் செஞ்சேனான்னு கேக்கல. இப்ப கேளுங்க."

சூப்பர்வைசர் ரெக்சினைப் பார்த்தார். ஏழின் இடுப்பில் இருந்த கோட்டைப் பார்த்தார். கதவருகே நின்றவர்களைப் பார்த்தார். சாவியைத் தன் பக்கம் இழுக்கக் கை போனது, பாதியில் நின்றது. கடைசியில் தலையைத் தூக்காமல், மேசையைப் பார்த்து அந்தக் கேள்வியை முணுமுணுத்தார்.

அவள் சாவியை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டாள். நேற்றைய டிரம் இன்னும் இரண்டு காதிலும் ‘கொய்ங்’ என்று இரைந்துகொண்டிருந்தது. அவர் சொன்னது அவளுக்கு நிஜமாகவே கேட்கவில்லை.

"ராத்திரியிலிருந்து காது அடைச்சிருக்கு சார்" என்றாள். "சத்தமா கேளுங்க."